பயந்த சுபாவம்

பிப்ரவரி 9

இல்லை, குனியும்போது இல்லை. நிமிரும்போது.

குனிந்து சுருண்டு கிடந்தால் ஓரளவு பொறுக்கலாம். நிமிர்ந்து மூச்சை அடிவயிறு வரை இழுத்தால்தான். வலது பக்கம், தழும்புக்கு நான்கு விரல் உள்ளே, யாரோ ஒரு நூலைப் பிடித்து இழுக்கிறார்கள். நூல் அறுவதில்லை. அறுந்து தொலைந்தால் நன்றாக இருக்கும் என்று சில நாள் தோன்றும்.

நீ தொலைபேசியில் பதிந்து வைத்த கேள்விக்கு இதுதான் பதில். ஏழு முறை அழைத்திருக்கிறாய். எடுக்கவில்லை. தொலைபேசியில் நீ என்னைப் பேச விடமாட்டாய், அக்கா. நான் வலி என்று ஆரம்பித்தால் நீ சாப்பிட்டியா என்று முடிப்பாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுது.

போன வாரம் உன் மருத்துவமனையிலிருந்து என் கோப்பின் நகல் வந்தது. நானே விண்ணப்பித்து வாங்கினேன். உன்னிடம் சொல்லவில்லை. அறுபத்தொரு பக்கம். குடல்வால் வெடித்து என் வயிற்றைத் திறந்த அன்றிலிருந்து, இந்த நான்கு வருடத்தில் நான் அங்கே வந்து படுத்த ஒவ்வொரு முறையும் அதில் இருக்கிறது. வாந்தி, வயிறு உப்பல், ஸ்கேன், ரத்தம். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே முடிவு: குறிப்பிடும்படி ஒன்றுமில்லை.

முதல் பக்கத்தில், மேலிருந்து நான்காவது வரி:

'பயந்த சுபாவம். சிறு வலியையும் பெரிதாக உணர்பவர். தகவல் தந்தவர்: நோயாளியின் அக்கா, இங்கு பணிபுரியும் செவிலியர்.'

இதை அடுத்து வந்த மருத்துவர்கள் நான்கு பேரும் தங்கள் பக்கத்தில் திரும்ப எழுதியிருக்கிறார்கள். இரண்டாமவர் 'மிகவும்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். நான்காமவர் என்னை மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அவர் மட்டும்தான் நாற்பது நிமிடம் உட்கார்ந்து கேட்டார். "என்கிட்ட வர வேண்டிய ஆள் இல்லம்மா நீங்க. உங்க வயித்துல என்னமோ இருக்கு" என்றார்.

ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்த வரியை நீ சொன்னாயா? ஆம் அல்லது இல்லை.



பிப்ரவரி 20

பொடிசுக்கு,

கடிதம் கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வார்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் கையெழுத்து கோழி கிண்டியது போல்தான் இருக்கும், பொறுத்துக்கொள். முப்பத்திரண்டு படுக்கை, இரண்டு பேர் விடுப்பு. நேற்று வீட்டில் எழுத ஆரம்பித்தேன், உன் அத்தான் வந்து எட்டிப் பார்த்து, "கடுதாசியா? யாருக்கு, காதலனுக்கா?" என்றார். "காதலனா இருந்தா இத்தனை திட்டு வாங்குவேனா?" என்றேன். அதோடு எழுந்து போய்விட்டார்.

வெந்நீர்ப் பை வைக்கிறாயா? ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிடாதே, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை சாப்பிடு. நார் அதிகமுள்ள காயை விடு. தண்ணீர். நான் கொடுத்தனுப்பிய மாத்திரை தீர்ந்துவிட்டதா? தீர்ந்தால் நீயாகக் கடையில் வாங்காதே, எனக்குச் சொல். வேலையில் நின்றுகொண்டே இருப்பதைக் குறை. ஒரு நாற்காலி கேள். கேட்டால் கொடுக்க மாட்டார்களா?

நீ கேட்டது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு அவசர நாளில் யாரிடம் என்ன சொன்னேன் என்று எனக்கு எப்படி நினைவிருக்கும்? உன்னைப் பின் இருக்கையில் போட்டு, உன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான். அது எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. நீ சின்ன வயதில் ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவாய், அம்மா துடைப்பக் கட்டையை விட்டுத் துழாவுவாள், நான்தான் உன் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுப்பேன். அதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

தொலைபேசியை எடு.

அக்கா



மார்ச் 2

ஆம் அல்லது இல்லை என்று கேட்டேன். மூன்று பக்கம் வந்தது.

நாற்காலி இருக்கிறது. பச்சை நிறம். உட்கார்ந்தால் வயிறு மடங்கி மூச்சு பாதியில் நின்றுவிடும். பார்வையில்லாதவர்கள் கேட்பதற்காக முழுப் புத்தகத்தையும் வாசித்துப் பதிவு செய்கிறோம். அவர்களுக்கு என் மூச்சும் எழுத்தின் ஒரு பகுதி. தவறான இடத்தில் மூச்சு வாங்கினால் அங்கே ஒரு முற்றுப்புள்ளி கேட்கும். ஆசிரியர் வைக்காத புள்ளி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் இருப்பார். அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் காது என்றுதான் கூப்பிடுவார்கள். போன மாதம் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. உங்க பதிவுல நடுநடுவுல ஒரு சின்ன சத்தம் வரும். 'ம்'முன்னு. நான் வெட்டி எடுத்துருவேன். வெட்டினத எதையும் தூக்கிப் போடுற பழக்கம் எனக்கு இல்ல."

"அதை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். எங்க வீட்ல பழைய பேனா மூடிகூட வெச்சிருப்பேன். பொண்டாட்டி தினம் திட்டுவா."

இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும். ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டார். முழுசாக ஆறு நிமிடம். என் குரலில் யாரோ ஒருத்தி. பிறகு திரையைக் காட்டினார்: சாப்பிட்டு அரைமணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் கூட்டமாக வருகின்றன. நீளமான வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. வேறெங்கும் இல்லை. பயங்கரமான அத்தியாயங்களில்கூட இல்லை.

"பயமா இருந்தா இப்பிடி மணி பாத்து வருமாங்க?" என்றார்.

அந்த ஆறு நிமிடத்தை ஒரு பென் டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கேள். பிறகு ஆம் அல்லது இல்லை.



மார்ச் 17

பொடிசு,

ஆம்.

நினைவில்லை என்று எழுதியது பொய். எல்லாம் நினைவிருக்கிறது. உன்னை அறுவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால், நடைபாதையில், ஒரு சின்ன டாக்டர் நின்றுகொண்டே எழுதிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போய், "டாக்டர், இவ என் தங்கச்சி. ரொம்ப பயந்தவ. சின்ன வலின்னாலும் தாங்க மாட்டா. கொஞ்சம் பாத்துக்குங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் தெரியுமா? எங்களில் யாருடைய வீட்டு ஆள் வந்து படுத்தாலும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தாங்க மாட்டா என்றால் வலி மருந்து நேரத்துக்கு வரும், ஊசியை மெதுவாகப் போடுவார்கள், கட்டுப் பிரிக்கும்போது பேச்சுக் கொடுப்பார்கள். தைரியசாலி என்று சொன்னால் கடைசியாகத்தான் வருவார்கள். இது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, வார்டில் எல்லோருக்கும் தெரியும். என் சக நர்ஸ் தன் மாமியாருக்கு, ஆறடி உயரம், ஆளைப் பார்த்தாலே பயமாக இருக்கும், "இவங்க பூ மாதிரி டாக்டர்" என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். அதை யாரும் எழுதவில்லை. எனக்கு மட்டும் அந்தச் சின்ன டாக்டர் எழுதிவிட்டார்.

இதோடு நிறுத்தினால் எனக்கு நல்லது. நிறுத்தக் கூடாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நீ வாந்தியோடு வந்து நான்கு நாள் படுத்திருந்தாயே, அப்போது உன் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த வரியைப் படித்தேன். திருத்தச் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. செய்யவில்லை. அதற்குள் ஸ்கேன், ரத்தம் எல்லாவற்றிலும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. நானும் பாதி நம்பிவிட்டேன். நானே சொன்னதை நானே.

உன் ஆறு நிமிடத்தை நர்ஸுகள் உடை மாற்றும் அறையில் வைத்துக் கேட்டேன். பதினெட்டு வருடம் அறுவை வார்டில் இருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு முனகலைக் கேட்டால் எந்தப் படுக்கை என்று சொல்வேன். நாற்பதாவது சத்தம் வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். கால் தானாக நின்றது. அது என் வார்டில் கேட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

பதிவேட்டுப் பிரிவில் கேட்டேன். எழுதியதை அழிக்க முடியாதாம், கீழே சேர்க்கத்தான் முடியுமாம். சேர்த்தேன். 'மேற்கண்ட தகவல் தவறு. நோயாளி வலியைக் குறைத்துச் சொல்பவர். தவறான தகவலைத் தந்தவள் நான்.' என் கையெழுத்து, பணி எண், தேதி. தலைமை மருத்துவர் கூப்பிட்டு, "என்ன சிஸ்டர் இது, உங்களை நீங்களே மாட்டிவிட்டுக்கிறீங்க" என்றார். பேசாமல் நின்றேன். எனக்குப் பேசாமல் நிற்கத் தெரியும் என்பது அவருக்கே ஆச்சரியம்.

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் ஊரில் புது டாக்டர் யாரையாவது பார்த்தால் இதையும் காட்டு.

அக்கா



ஏப்ரல் 4

அக்கா,

நீ கூடுதலாகச் சொன்னதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. சிரிப்புக்கூட வந்தது, அந்த ஆறடி மாமியாருக்கு.

பாதி நம்பினேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் தாண்ட முடியவில்லை. அந்த நான்கு நாளும் நீ என் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாய். எந்தப் பாதி தடவியது?

புதிய மருத்துவரைப் பார்த்தேன். வயதான பெண். கோப்பைத் திறந்தார். முதலில் நீ சேர்த்ததைப் படித்தார், பிறகு மேலே போனார். படுக்கச் சொன்னார். தழும்பின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்ல நகர்த்தினார். தோல் நகரவில்லை. நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

"வயித்த ஒரு தடவ திறந்து மூடினா உள்ள நார் மாதிரி வளரும். எல்லாருக்கும் கொஞ்சம் வளரும். சில பேருக்குக் குடலைக் கொண்டுபோய்ச் சுவரோட ஒட்டிரும். ஸ்கேன்ல பெரும்பாலும் தெரியாது."

"அப்ப இத்தனை நாள்?"

"இத்தனை நாளும் இருந்திருக்கு."

பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டார். சின்னத் துளைகள் வழியாகக் குழாய் விட்டு, ஒட்டிய இடத்தைப் பிரித்துவிடலாம். ஆனால் பிரித்த இடமும் காயம்தான். காயம் ஆறும்போது மறுபடி ஒட்டலாம். "குறையலாம். அப்படியே இருக்கலாம். கூடினாலும் கூடும். போகும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். யோசிச்சுட்டு வாங்க."

யோசிக்கவில்லை. அங்கேயே கையெழுத்துப் போட்டேன். வலி போகும் என்பதற்காக மட்டுமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

இருபத்திரண்டாம் தேதி. நீ வராதே. கோபத்தில் சொல்லவில்லை. நீ வந்தால் நடைபாதையில் யாரிடமாவது பேசுவாய்.



ஏப்ரல் 25

பொடிசு,

வரவில்லை. விடுப்பு மட்டும் எடுத்தேன். வீட்டில்தான் இருந்தேன். சாயங்காலம் உன் அத்தான் வேலையிலிருந்து வந்து, "ஏன் உள்ளயே செருப்பப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே?" என்றார். குனிந்து பார்த்தேன். காலையிலிருந்து போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். கைப்பை மடியில்.

எந்தப் பாதி என்று கேட்டிருந்தாய். பதில் தேடினேன். தடவிய கை நம்பியது. கோப்பைப் புரட்டிய கை நம்பவில்லை. இதைவிட நேர்மையாக எனக்கு எழுத வரவில்லை.

முடிந்தபோது ஒரு வரி எழுது. முடியாவிட்டால் வேண்டாம்.

அக்கா



மே 6

அக்கா,

ஒட்டியிருந்தது.

மருத்துவர் படத்தைக் காட்டினார். தழும்புக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் குடல் வயிற்றுச் சுவரோடு சேர்ந்திருந்தது. இன்னும் இரண்டு இடத்தில் வெள்ளையாக, ஈரமாக, இழுத்துக் கட்டிய பட்டைகள். பெரியதையும் ஒரு பட்டையையும் பிரித்துவிட்டார். இன்னொன்றைத் தொடவில்லை. ரத்தக் குழாயை ஒட்டி இருந்ததாம், தொட்டால் வேறு ஏதாவது ஆகிவிடும்.

நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மயக்கம் முழுசாகத் தெளியவில்லை. பக்கத்துப் படுக்கை அம்மா என்னைப் பார்த்து, "ஏம்மா அழறே, எதுவும் கெட்டதா?" என்றாள். "இல்லம்மா, இருக்கு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

பத்து நாளாக அந்த நூல் இல்லை. தையல் வலிக்கிறது, இது வேறு, இதற்கு முடிவு உண்டு. ஜன்னலோரம் நின்று சத்தமாக ஒரு பத்தி வாசித்துப் பார்த்தேன். நாற்பத்தொரு சொல் ஒரே மூச்சில் போனது. இதை யாரிடம் சொல்வது என்று யோசித்தபோது உன் முகம்தான் வந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.



ஜூன் 12

என் தங்கமே,

நாற்பத்தொரு சொல்! வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். தலைமை மருத்துவரிடம் போய், "ஒட்டியிருந்துச்சு சார், உள்ளங்கை அகலம்" என்றேன். என் உள்ளங்கையை விரித்தே காட்டினேன். அவர் கோப்பை வரவழைத்து, அந்த மருத்துவரின் அறிக்கையையும் அதில் சேர்க்கச் சொன்னார். இனி யாரும் எதுவும் பேச முடியாது. உன் அத்தான் சொல்கிறார், ஒரு மாதமாக நான் சமையலறையில் பாடுகிறேனாம், அதை நிறுத்த ஏதாவது அறுவை உண்டா என்று கேட்கிறார். நான்கு வருடத்தில் முதல்முறையாக நெஞ்சில் கல் இல்லாமல் தூங்குகிறேன். நீ நன்றாக இரு. அது போதும் எனக்கு.

அக்கா



ஜூன் 28

அக்கா,

நலம். வேலைக்குத் திரும்பிவிட்டேன். காது தன்னை வேலையில்லாமல் செய்துவிட்டேன் என்று குறைப்படுகிறார்.



ஜூலை 30

நலம். மழை. புதிய புத்தகம், அறுநூறு பக்கம்.



ஆகஸ்ட் 24

நலம். வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.



செப்டம்பர் 8

பொடிசு,

என் வார்டில் கண் தெரியாத ஒரு அம்மா படுத்திருக்கிறாள். மதியம் முழுக்கக் காதில் கதை கேட்டுக்கொண்டிருப்பாள். நேற்று இயர்போனின் ஒரு பக்கத்தை எனக்குக் கொடுத்தாள். நீ. அந்த அறுநூறு பக்கப் புத்தகம். பதிவான வரைக்கும் வெளியிட்டிருக்கிறார்களாம்.

முதல் அத்தியாயங்களில் ஒரே மூச்சாகப் போகிறாய். எட்டாவதிலிருந்து வாக்கியத்தை மூன்றாக உடைக்கிறாய்.

அந்த அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன் அத்தானிடமும் சொல்லவில்லை. எந்த யோசனையும் எழுதப் போவதில்லை.

எப்படி இருக்கிறாய்?

அக்கா



செப்டம்பர் 21

அக்கா,

ஜூலை பத்தொன்பது. சாப்பிட்டு நாற்பது நிமிடம் கழித்து. எட்டாவது அத்தியாயத்தின் இரண்டாம் பக்கம். அதே இடம், அதே நூல். முதலில் நான் நம்பவில்லை. நானே என்னிடம், நீ பயப்படுகிறாய் என்று சொல்லிக்கொண்டேன். பார், அந்த வரி எனக்குள்ளேயும் போயிருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு முறை உனக்கு நலம் என்று எழுதினேன். உன் ஜூன் கடிதத்தை எடுத்துப் படிப்பேன். நெஞ்சில் கல் இல்லாமல் தூங்குகிறேன் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நலம் என்று எழுதிவிடும். நீ என்னைக் காப்பாற்றக் கூட்டிச் சொன்னாய். நான் உன்னைக் காப்பாற்றக் குறைத்துச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறோம். உன்னிடம் நான் கேட்ட கேள்வியை என்னிடமும் கேட்டுக்கொண்டேன். எந்தப் பாதி? தெரியவில்லை.

மருத்துவரிடம் போனேன். மறுபடி உள்ளே போக வேண்டாம் என்கிறார். ஒவ்வொரு முறை போகும்போதும் ஒட்டுவதற்குப் புதிய இடம் கொடுத்துவிட்டு வருவோம் என்றார். குடல் முழுசாக அடைத்தால் மட்டும் உடனே வர வேண்டும். அதற்கான அடையாளங்களை எழுதிக் கொடுத்தார். "போகாதுன்னா, வேற என்னதான் இருக்கு?" என்று கேட்டேன். "கூட வெச்சுக்கிட்டு வாழறதுக்கு ஒரு பிரிவு இருக்கு" என்றார். வலி மருத்துவப் பிரிவு. மாத்திரை, தசைப் பயிற்சி, மூச்சைப் பிரித்து எடுக்கும் முறை, மனதுக்கும் ஒருவர். சீட்டு எழுதிக் கொடுத்து ஐந்து வாரமாகிறது. அந்தச் சீட்டு மேசையில் கிடக்கிறது. அங்கே போனால், வலி போகாது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதுதான் காரணம். வேறு காரணமில்லை.

நம்பினால் வலி குறையும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. படத்தில் பார்த்தாகிவிட்டது. கோப்பில் எழுதியாகிவிட்டது. நீயும் முழுசாக நம்புகிறாய். எல்லோரும் நம்புகிறார்கள், வலிக்கிறது.

அந்தப் புத்தகத்தைப் பாதியில் வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல குரல். எனக்குச் சிறுவர் புத்தகங்கள் வருகின்றன. ஏழு சொல், எட்டுச் சொல். நேற்று ஒரு யானை ஒரு குளத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. காது, "இதுவும் கஷ்டம்தாங்க, யானைக்கு மூச்சு எங்க விடறதுன்னு தெரியணும்ல" என்றார். என்னைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னார். சிரித்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும், அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நீ வா, அக்கா. அந்தப் பிரிவுக்கு என்னுடன் வா. ஒரு நிபந்தனை. அங்கே என்னைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நல்லதும் கூடாது, கெட்டதும் கூடாது. நான் சொல்வது உனக்குக் கூடுதலாகப் பட்டாலும், குறைவாகப் பட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்திரு. வெளியே வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. கையை மட்டும் எடுக்காதே.

இதை நேற்று எழுதினேன். உறையில் போடாமல் வைத்திருந்தேன். இன்று காலை அந்தப் பிரிவுக்குத் தொலைபேசி செய்து, அக்டோபர் மூன்று, பதினொரு மணி என்று நேரம் வாங்கினேன். பிறகு வேலைக்குப் போய், முயலைப் பற்றி ஒன்பது பக்கம் வாசித்தேன்.